பையில் வரும் சக்குலன்ட் மண்: குட்டித் தொட்டிக்குச் சரிப்படுமா?

'சக்குலன்ட், கள்ளிச் செடிகளுக்கான மண்கலவை' என்று பையில் அடைத்து விற்கிறார்களே, அதைப் பற்றித்தான் இது. சக்குலன்ட் என்றால் இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் சதைப்பற்றுள்ள செடி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையைப் பிரித்து அப்படியே குட்டித் தொட்டியில் நிரப்பிச் செடியை நடாதீர்கள். அதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். சலித்து, கல் சேர்த்தால் நல்ல கலவையில் ஒரு பங்காக அது வேலை செய்யும். நான் வளர்ப்பதெல்லாம் இரண்டு, மூன்று அங்குலத் தொட்டிகளில் இருக்கும் சின்னச் செடிகள்: எச்செவேரியா, ஹாவொர்தியா, குட்டை ரக கிராசுலா, கொஞ்சம் லித்தாப்ஸ். பெரிய, ஆழமான தொட்டியில் கற்றாழை வளர்ப்பவருக்கு இதே பை திருப்தியாகவே இருக்கக்கூடும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் முக்கியமான விஷயம்.

எந்த நிறுவனத்தின் பை என்று எழுதவில்லை. வாங்கிப் பார்த்த பைகளின் பின்பக்கத்தில் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அல்லது பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) பெரும்பங்கு, கொஞ்சம் மணல், அங்கங்கே வெள்ளை வெள்ளையாய் பெர்லைட் என்ற லேசான பொரிகல், சிலவற்றில் மெல்லக் கரையும் உர உருண்டைகள். முன்பக்கத்தில் 'நன்றாக நீர் வடியும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். சாதாரணத் தோட்டக் கலவையோடு ஒப்பிட்டால் அது உண்மைதான்.

கையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். உள்ளங்கையில் காப்பிப்பொடி நிறத்தில் பொடியாக ஒட்டிக்கொள்கிறது. லேசாக ஈரமாக்கி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாகவே நிற்கிறது. விரலால் தட்டினால் மெதுவாகத்தான் உடைகிறது. சக்குலன்டுக்கான கலவை பிடியைத் திறந்ததுமே பொலபொலவென்று உதிர வேண்டும். அடுத்து, கொசுவலைக் கம்பி போன்ற நெருக்கமான சல்லடையில் போட்டுச் சலித்தேன். பாதிக்கு மேல் கீழே கொட்டிவிட்டது. மேலே நின்றது பெர்லைட்டும், நார்த் துணுக்குகளும், சில மரச் சில்லுகளும். கீழே கொட்டிய அந்தப் பொடியால்தான் குட்டித் தொட்டியில் பிரச்சினை வருகிறது.

ஏன் என்றால், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, கீழே உள்ள துளை வழியாகச் சொட்டுவது நின்றபின்னும், அடியில் கொஞ்ச உயரத்துக்கு மண் முழு ஈரத்தில் ஊறியபடி நிற்கும். துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சந்துகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் புவியீர்ப்பால் அதை முழுதாகக் கீழே இறக்க முடியாது. துகள் பொடியாக இருந்தால் இந்த ஊறிய பகுதி உயரமாக இருக்கும். பருக்கையாக இருந்தால் குறையும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். கவனிக்க வேண்டியது, இந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்தான். தொட்டி ஆழமோ குட்டையோ, ஒரே மண் என்றால் ஊறிய பகுதியின் உயரமும் ஒன்றே. மூன்று சென்டிமீட்டர் ஊறி நிற்கும் மண்ணை முப்பது சென்டிமீட்டர் தொட்டியில் போட்டால் பத்தில் ஒரு பங்குதான் சகதி. அதையே ஐந்து சென்டிமீட்டர் தொட்டியில் போட்டால் பாதிக்கு மேல் சகதி. குட்டிச் செடியின் வேர் முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு சின்னத் தொட்டியில் பை மண்ணை நிரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு, சொட்டுவது முழுதும் நிற்கும்வரை விட்டுவிடுங்கள். பிறகு தொட்டியை மெல்லச் சாய்த்துப் பிடியுங்கள். நின்றுபோன தண்ணீர் மறுபடி ஒழுகும். சாய்த்ததால் துளைக்கு மேலே இருக்கும் மண்ணின் உயரம் கூடிவிட்டது, அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்திருந்து, பிறகு செங்குத்தாக நிறுத்தினால் தண்ணீர் கொட்டுமே, அதே கணக்கு. பை மண்ணில் சாய்த்தபோது நல்ல ஒழுக்கு. அதே அளவு தொட்டியில் சலித்த பியூமிஸ் (நுரைக்கல்) கலவையைச் சாய்த்தபோது ஓரிரு சொட்டோடு நின்றுவிட்டது. புதிதாக எந்தக் கலவை கைக்கு வந்தாலும் நான் செய்யும் முதல் சோதனை இதுதான். இரண்டு நிமிட வேலை. பையின் மேல் எழுதியிருப்பதைவிட இதை நம்பலாம்.

தொட்டியடியில் கூழாங்கல் அடுக்கு போட்டால் நீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வதுண்டு. வடியாது. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் கல்லடுக்குக்குள் லேசில் இறங்காது. ஊறிய பகுதி கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூன்று அங்குலத் தொட்டியில் ஒரு அங்குலம் கல் போட்டால் வேருக்கு மிச்சமிருப்பது இரண்டு அங்குலம், அதிலும் பெரும்பகுதி ஈரம். அந்தக் கல்லை அடியில் போடாமல் மண்ணோடு கலந்துவிடுங்கள். துளை வழியாகக் கலவை கொட்டாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

ஈரம் நின்றால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வேருக்கும் மூச்சு வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். சந்துகளில் தண்ணீர் நிறைந்து நின்றால் வேர் முதலில் திணறும், பிறகு சாகும். செத்த வேரை பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சைகள் பிடித்துக்கொள்ளும். அவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகக்கூடியவை என்பதால், ஊறிய மண் அவற்றுக்கு நல்ல பாதை. மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மண்ணிலிருந்து மளமளவென்று தண்ணீரை இழுத்துத் தீர்த்துவிடும். சக்குலன்டுகளில் பெரும்பாலானவை இரவில்தான் திறக்கும். கரியமில வாயுவை அப்போது வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் பயன்படுத்தும். இந்த முறைக்கே கிராசுலா குடும்பத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆக, மண்ணிலுள்ள ஈரத்தைச் செடி சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்க வழியில்லை. காயவைக்கும் வேலையை மண்ணும் தொட்டியும்தான் செய்தாக வேண்டும்.

சரி, பை மண்ணோடு என்ன சேர்ப்பது? எனக்கு முதல் தேர்வு பியூமிஸ். எரிமலையிலிருந்து வரும் நுரைக்கல். துகளுக்குள்ளே நுண்துளைகள் இருப்பதால் கொஞ்சம் ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு, துகள்களுக்கு இடையே காற்றை விடும். எடை இருக்கிறது, அதனால் செடி ஆடாமல் நிற்கும். வருடங்கள் ஆனாலும் உடைந்து மாவாகாது. வாங்கும்போது மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் அளவு கேட்டு வாங்குங்கள். வந்ததும் சலித்து, பிறகு தண்ணீரில் அலசிவிடுங்கள். முதல் அலசலில் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வரும். அந்தத் தூள் தொட்டிக்குள் போனால் அடியில் போய்ப் படிந்து, எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அதையே கொண்டுவந்து சேர்க்கும்.

பெர்லைட் எளிதாகக் கிடைக்கும், வேலையும் செய்யும். எரிமலைக் கண்ணாடியைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அதைப் பொரித்துவிடுகிறது. அப்படி வந்த பொரிதான் பெர்லைட். குறை என்னவென்றால் அதற்கு எடையே இல்லை. ஒவ்வொரு முறை தண்ணீர் விடும்போதும் மேலே மிதந்து வந்துவிடும். சில மாதங்களில் மேலே வெள்ளை, அடியில் வெறும் கோகோபீட் என்று பிரிந்து நிற்கும். தண்ணீரை மேலிருந்து வேகமாக ஊற்றுபவர்கள் இதைச் சீக்கிரமே பார்ப்பார்கள். பையைத் திறந்ததும் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிடுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு நல்லதல்ல.

வெர்மிகுலைட்டைப் பெர்லைட்டின் உடன்பிறப்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கென்றே உள்ள பொருள். விதை முளைக்க வைக்க நன்று, வளர்ந்த சக்குலன்டுக்கு வேண்டாம். மணலில் பரு மணல் மட்டும், அதுவும் அலசியபின். மெல்லிய மணல் கோகோபீட்டின் சந்துகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும், கலவை கெட்டியாகிவிடும். கடல் மணலில் உப்பு. கோகோபீட்டிலும் சில சமயம் உப்பு இருக்கும். கட்டியாக வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டு எடுங்கள். செங்கல்லை உடைத்துச் சலித்த துண்டுகள் பியூமிஸ் கிடைக்காத இடத்தில் நன்றாகவே கைகொடுக்கும், செங்கல் நன்கு வெந்ததாக இருக்க வேண்டும். அரைவேக்காட்டுச் செங்கல் தண்ணீர் பட்டுக் கரையும்.

போன்சாய்க்காரர்கள் பயன்படுத்தும் அகடாமாவும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் மண் பருக்கை; ஈரமாக இருக்கும்போது அடர் நிறம், காய்ந்தால் வெளிறும். தண்ணீர் விடும் நேரம் வந்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அந்த வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் காலப்போக்கில் நொறுங்கிக் களியாகும். அடிக்கடி தொட்டி மாற்றுபவர்களுக்குச் சரி, நட்டுவிட்டு நாலைந்து வருடம் கை வைக்காதவர்களுக்கு அல்ல.

பீட் பாசி சேர்ந்த பைகளுக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் பீட் தண்ணீரை ஏற்காது. சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே கோடு விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஓடி அடியில் வந்துவிடும். நடுவில் வேர் இருக்கும் இடம் தூளாகக் காய்ந்தே கிடக்கும். தண்ணீர் விட்டும் இலை சுருங்குகிறதே என்று குழம்புபவர்களின் தொட்டியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. சக்குலன்டை முழுக்கக் காயவிட்டுத்தான் தண்ணீர் விடுகிறோம், ஆகவே இந்தக் குணம் நமக்கு ரொம்பவே இடைஞ்சல். இந்த விஷயத்தில் கோகோபீட் எவ்வளவோ மேல். காய்ந்தாலும் மறுபடி நனையும்.

நான் இப்போது கலப்பது இப்படி: சலித்து மேலே நின்ற பை மண் ஒரு பங்கு, பியூமிஸ் அல்லது செங்கல் பருக்கை இரண்டு பங்கு. எச்செவேரியாவுக்கும் கிராசுலாவுக்கும் இது. எச்செவேரியாவின் வேர் மயிர் போல மெல்லியது, மேலாகவே பரவும்; அதற்குக் கல் மூன்று மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். ஹாவொர்தியாவின் வேர் தடிமன், சாறு நிறைந்தது. செடியை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும் தன்மையும் அந்த வேருக்கு உண்டு. பழைய வேரை உதறிவிட்டுப் புது வேர் விடுவதும் அதன் வழக்கம். உதறிய வேர் உள்ளே மட்கும்போது ஈரமும் சேர்ந்திருந்தால் அழுகல் பரவும். அதனால் ஹாவொர்தியாவுக்குத் தொட்டி கொஞ்சம் ஆழம், கல் கொஞ்சம் பெரிது.

லித்தாப்ஸுக்குப் பை மண் கிட்டத்தட்ட தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு இருக்கலாம், மிச்சமெல்லாம் கல்தான். 1811-இல் வில்லியம் பர்ச்செல் தென்னாப்பிரிக்காவில் இதைக் கையில் எடுத்தபோது விசித்திரமான கூழாங்கல் என்றுதான் முதலில் நினைத்தார். சரளைக்கு நடுவே சரளையாகவே இருந்து பழகிய செடி. பழைய இலை வற்றி அதன் நீரையே புது இலை உறிஞ்சும் காலத்தில் மண்ணில் ஈரம் இருந்தால் பழைய இலை வற்றாது. இரண்டு ஜோடி இலையும் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஈரம் பிடித்து வைக்காத மண் என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

உர உருண்டை கலந்த பையைக் குட்டிச் செடிக்கு நான் எடுப்பதில்லை. அளவு நம் கையில் இருக்காது. தழைச்சத்து கூடினால் இலை ஊதி, மெத்தென்று, பூச்சி பிடிக்கத் தோதாக வளரும். 'ஈரத்தைப் பிடித்து வைக்கும் படிகங்கள்' என்று எழுதியிருந்தால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அது சக்குலன்டுக்கு நேர் எதிரான பொருள்.

தொட்டியும் கலவையின் ஒரு பகுதி மாதிரிதான். சுடுமண் தொட்டி பக்கச் சுவர் வழியாகவும் ஈரத்தை விட்டுவிடும். பிளாஸ்டிக்கும் மெருகு பூசிய பீங்கானும் விடாது. பை மண் அதிகம் சேர்த்திருந்தால் சுடுமண் எடுங்கள், கல் அதிகம் என்றால் பிளாஸ்டிக்கே போதும். இரண்டு அங்குலச் சுடுமண் தொட்டியில் முழுக் கல் கலவை போட்டால் கடும் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். மெல்லிய வேர் அதைத் தாங்காது. அளவைப் பொறுத்தவரை வேர்ப்பந்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். 'வளர்ந்து பெரிசாகுமே' என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் போய்ச் சேராத மண்ணெல்லாம் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும். துளை இல்லாத அழகுத் தொட்டிகளை எனக்குப் பரிந்துரைக்க மனமில்லை. பிடித்திருந்தால் உள்ளே துளையுள்ள சின்ன பிளாஸ்டிக் தொட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

நடும் முறையில் பெரும்பாலோர் விட்டுவிடுவது பழைய மண்ணை. நர்சரியிலிருந்து வரும் குட்டிச் செடியின் அடியில் பீட் கட்டி ஒன்று இறுகிப்போய் இருக்கும், சில சமயம் அதைச் சுற்றி மெல்லிய வலைத்துணி வேறு. சுற்றிலும் எவ்வளவு நல்ல கலவை போட்டாலும் அந்தக் கட்டி தன் ஈரத்தைத் தானே வைத்துக்கொண்டிருக்கும். காய்ந்திருக்கும்போது விரலால் மெல்ல உதிர்த்து, வலையைக் கத்தரித்து எடுங்கள். பிடிவாதமான கட்டியைத் தண்ணீரில் ஊறவிட்டு அலசினால் வந்துவிடும், ஆனால் அப்படி அலசிய செடியை நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட்ட பிறகுதான் நட வேண்டும். இந்த வேளையில் வேரை நன்றாகப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. பெர்லைட் துணுக்கு என்று விட்டுவிடாதீர்கள். விரலால் நசுக்கினால் பெர்லைட் மொறுமொறுவென்று உடையும், பூச்சியின் மெழுகுப் பஞ்சு பிசுபிசுவென்று இழுபடும்.

கலவை வறண்டிருக்கும்போதே நடுங்கள். செடியை ஒரு கையால் உயரம் பார்த்துப் பிடித்து, சுற்றிலும் கலவையை விட்டு, தொட்டியின் பக்கத்தைத் தட்டினால் கல் தானாக வேர்களுக்கு நடுவே இறங்கும். கட்டை விரலால் அமுக்க வேண்டாம். கீழ் இலைகள் மண்ணில் படாமல் இருக்க மேலே அரை அங்குலம் சரளை பரப்புங்கள்; தண்டு ஆடாது, தண்ணீர் ஊற்றும்போது மண் தெறிக்காது, மண்ஈக்களும் குறையும். சுண்ணாம்புக்கல், பளிங்குச் சில்லு வேண்டாம், அவை மண்ணைக் காரமாக்கும். சரளை போட்டபின் மண் காய்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூங்கில் குச்சியை ஓரமாகச் செருகி எடுத்துப் பார்க்கலாம், அல்லது தொட்டியைத் தூக்கி எடை பார்க்கப் பழகிக்கொள்ளலாம். நட்டு ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். அறுபட்ட வேர்க்காயம் ஆற அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்.

ஆக, இந்தப் பையை யார் வாங்கலாம்? ஆறு அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ள சுடுமண் தொட்டி வைத்திருப்பவர், பாதிக்குப் பாதி கல் கலந்து தாராளமாக வாங்கலாம். குட்டித் தொட்டிக்காரர்கள் கல்லை முதலில் வாங்கிவிட்டு, இதைச் சின்னப் பையாக வாங்கினால் போதும். லித்தாப்ஸ் மட்டும் வளர்ப்பவர் வாங்கவே வேண்டாம்.

சலித்துக் கீழே விழுந்த பொடியைக் கொட்டிவிடாதீர்கள். உதிர்ந்த எச்செவேரியா இலையிலிருந்து புதுக் குட்டி எடுக்க அதைப்போல வேறொன்றில்லை. அகலமான தட்டில் அரை அங்குலம் பரப்பி, காயம் ஆறிய இலைகளை மேலே கிடத்தி, வேர் எட்டிப் பார்த்தபின் லேசாகத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிஞ்சு வேர்கள் கல்லில் தவிப்பதைப்போல இதில் தவிக்காது. குட்டி ஒரு நாணய அளவுக்கு வந்ததும் கல் கலவைக்கு மாற்றிவிடுங்கள்.